ஒன்பதாவது மாடியில் அம்மன் நீட்டிய மூங்கில்

வரும் வாரம் பெரும்பாலான நாள்களில் இடியுடன் பலத்த மழை, காற்று என்று வானொலியில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது குடை எடுத்துப்போகச் சொல்லும் செய்தி. எனக்கு அப்படி இல்லை. அதனால்தான் போன வருஷம் எனக்கு நடந்ததை, அம்மனை நம்புகிற உங்களிடம் இப்போதே சொல்லிவிட நினைக்கிறேன்.

நான் பெயிண்டர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். கடல் தாண்டி வந்து, இங்கே அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டில் நின்று செய்யும் வேலை. கொண்டோலா என்போம். கூட நிற்பவர் செல்வராசு அண்ணன். நான் பெரிய பக்திமான் எல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போனால் முதலில் சாப்பாடு, பிறகு ஊருக்கு போன், நேரம் மிஞ்சினால் அம்மன்.

அன்று புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் வேலை. காலையில் வெயில் அடித்தது. ஒன்பதாவது மாடியில் நின்றபோது மேற்கே வானம் கறுத்தது. சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்று சொல்லிக்கொண்டு வராது.

"எறங்கிடலாம்டா, இது சரியில்ல" என்றார் அண்ணன்.

இறங்கும் பொத்தானை அழுத்தினேன். பளீரென்று மின்னல். மின்சாரம் போய்விட்டது, கூண்டு ஓர் அடிகூட நகரவில்லை. கையால் இறக்குவதற்கு ஆளுக்கொரு பக்கம் லிவர் என்ற கைப்பிடி உண்டு. என் பக்கம் அசைந்தது, அண்ணன் பக்கம் இறுகிக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் கூண்டு சாய்ந்துவிடும். விட்டுவிட்டேன்.

பிறகு மழையோடு காற்று வந்தது. கூண்டைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போய்த் திரும்பச் சுவரிலேயே மோதியது. இரண்டாவது மோதலில் அண்ணனின் ஹெல்மெட் கழன்று பறந்தது. அடுத்ததில் அவர் தலை சுவரில் இடித்தது. நெற்றியில் ரத்தம். அப்படியே சரிந்தார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருந்ததால் கீழே விழவில்லை. ஆனால் இன்னொரு முறை மோதினால் அந்தத் தலை தாங்காது. ஊரில் அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவரை மடியில் போட்டு, என் முதுகைச் சுவர்ப் பக்கம் கொடுத்து உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருந்தேன்.

கும்பிட வேண்டும். எப்படிக் கும்பிடுவது? மழை வேண்டி மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற குடும்பம் எங்களுடையது. அவளிடம் போய் மழையை நிறுத்து என்று கேட்க வாய் வரவில்லை. "தாயே, மழை உன் இஷ்டம். எங்களப் பிடிச்சுக்க, அது போதும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு சமையலறை ஜன்னல் திறந்தது. துணி காயப்போடும் நீள மூங்கில் ஒன்று வெளியே வந்தது. அதில் ஒரு பள்ளிச் சட்டை இன்னும் ஈரமாகத் தொங்கியது.

"தம்பி, கம்பைப் பிடிங்க! விட்றாதீங்க!"

அந்த வீட்டுப் பாத்திமா அக்கா. முந்தின நாள்தான் அவரிடம் சண்டை பிடித்திருந்தேன். பெயிண்ட் அடிக்கிறோம், துணி போடாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தும் போட்டிருந்தார். "யூனிஃபார்ம் வீட்டுக்குள்ள காயவே மாட்டேங்குது லா, நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு அடுத்த கம்பையும் நீட்டியவர். மழை வந்ததும் துணி எடுக்க ஓடி வந்திருக்கிறார். என் கத்தல் காதில் விழுந்திருக்கிறது.

நான் கம்பைப் பிடித்தேன். அவர் உள்ளேயிருந்து இழுத்தார். காற்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது. அவர் "யா அல்லா" என்றார், நான் "தாயே" என்றேன். கூண்டு சுவரை ஒட்டியதும் போர்வை ஒன்றை வீசினார். கூண்டின் கம்பியையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். ஆட்டம் நின்றது. ஜன்னலின் மறுபாதிக் கம்பிக் கதவைத் திறந்து, அண்ணனின் கயிற்றைக் கழற்றி, அவரை அக்கா உள்ளிருந்து தாங்க, நான் வெளியிலிருந்து தூக்கிவிட்டேன். பிறகு நானும் உள்ளே ஏறினேன். ஆம்புலன்ஸுக்கு போன் செய்ததும் அக்காதான். அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவர் கொடுத்த மைலோவைப் பாதி குடித்தேன், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அண்ணனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், என்னைத் திட்டுகிற அளவுக்கு. மழை அன்று மத்தியானம் வரை கொட்டித் தீர்த்தது. அவள் மழையை நிறுத்தவில்லை. நான் கேட்டதை மட்டும் கொடுத்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை முதலில் அம்மன், பிறகுதான் சாப்பாடு. வானம் இருட்டினால் யார் என்ன சொன்னாலும் கூண்டை இறக்கிவிடுகிறேன். உங்களுக்கும் ஆபத்து வந்தால் வெட்கப்படாமல் வாய்விட்டு அவளைக் கூப்பிடுங்கள். கட்டாயம் கேட்பாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடி இடிக்கும்போது ஜன்னலைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை வெளியே எட்டிப் பாருங்கள். அங்கே எவனாவது கத்திக்கொண்டிருந்தால், அவனுக்காக அவள் அனுப்பிய ஆள் நீங்கள்தான்.