தமிழ் மேசைக்கு ஆறு கோப்பி

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் முதியவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடி ஒன்றுக்கு என்னை வரச் சொல்லி, என் பள்ளித் தோழன் ஒரு மாதமாக நச்சரித்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு ஆங் மோ கியோ வீட்டை விற்றுவிட்டு அங்கே குடியேறியிருந்தான். "என் மாடியில ஒரு வீடு காலியா இருக்குடா. மனு போடு. நம்ம ஆளுங்க இருக்காங்க, பொழுது போயிடும் லா" என்றான். என் மேல் இவனுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பார்த்துவிட்டு வரலாமே என்று ஒரு காலையில் போனேன். கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி முடிந்து எல்லாரும் கோப்பிக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். சீனர்கள் நான்கைந்து மேசை, மலாய்க்காரர்கள் ஒரு மேசை, மூலையில் இவனோடு சேர்த்து நம்மவர்கள் ஐந்து பேர். "என் கிளாஸ்மேட். ஸ்கூல் பிரின்சிபாலா இருந்தவன்" என்று பெருமை பொங்க என்னை அறிமுகம் செய்தான். அந்த மேசைக்கு நாட்டாமை, கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர். என் நண்பனைவிட மூன்று வயது இளையவர். அவர் அவனைக் கூப்பிட்டது "தம்பி" என்று.

"தம்பி, கோப்பி."

அவன் எழுந்து போனான். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவன், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். ஆறு கோப்பியைத் தட்டில் ஏந்திக்கொண்டு அவன் திரும்பி வந்ததை மேசையே வேடிக்கை பார்த்தது. "பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டியிருப்பாரு. அதான் நான் தினம் வேலைக்கு லேட்" என்றார் சர்ச்சில் பாடுகிற அம்மா ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

நாட்டாமை எனக்கு விளக்கினார். "இங்க ஒரு வழக்கம் இருக்கு. கடைசியா வந்தவர்தான் கோப்பி எடுக்கணும். அடுத்த ஆள் வந்தா இவருக்கு விடுதலை. ஒன்றரை வருஷமா யாரும் வரல."

நண்பன் தலையைத் தூக்கவில்லை. ஒரு மாதத்துப் பாசத்தின் காரணம் எனக்கு விளங்கிவிட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

லிஃப்டில் அவனே வாயைத் திறந்தான். "கோவமாடா? எடுத்து வச்சதும் ஒருத்தர் சீனி கேப்பாரு, ஒருத்தர் தண்ணி கேப்பாரு. நான் உக்கார்றதுக்குள்ள அவங்க கிளம்பிடுறாங்க. ஒருநாளாச்சும் அவங்களோட உக்காந்து சூடா குடிக்கணும், அவ்வளவுதான். உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

யோசிக்கிறேன் என்றேன். மனுவும் போட்டேன், அவனுக்காக அல்ல. மகன் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய் வெகுநாளாகியிருந்தது.

குடிபோன மறுநாள் காலை, எங்களுக்கு முன்பே அவன் மேசைக்கு வந்துவிட்டான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். நான் எழுந்தேன்.

"சார், நீங்க எங்க எழுந்திரிக்கிறீங்க?" என்றார் நாட்டாமை. "பிரின்சிபாலா இருந்தவரு தட்டு தூக்குனா நல்லாவா இருக்கும்? தம்பிக்குப் பழகிடுச்சு."

சர்ச் அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். நண்பன் என்னையே பார்த்தான். வழக்கம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் யாரும் என்னை சார் என்று கூப்பிட்டு எட்டு வருடமாகியிருந்தது. காதுக்கு இதமாக இருந்தது. அவன்மேல் இருந்த கோபமும் தீரவில்லை.

உட்கார்ந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்தான்.

"எனக்கு கோப்பி ஓ" என்றேன் அவனிடம். "பாலும் சீனியும் வேணாம்னு சொல்லு."