மூன்று வட்டமும் ஒரு கிளிப்பச்சைப் பட்டும்

தாயில்பட்டியில் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குச் சொந்த ஹோஸ்டிங்கில் ஒரு வலைத்தளம் உண்டு. அதன் தோற்றத்தை மாற்றப் புது தீம் போடும் வேலை இன்று என் தலையில் விழுந்தது.

இருபது தீமாவது பிரிவியூ பார்த்திருப்பேன். கடைசியில் வெளிர் நிறத்தில் ஒன்று பிடித்துப்போனது. ஆனால் ‘எங்கள் குழு’ என்ற பகுதியில் மூன்றே வட்டங்கள். என்னிடம் இருப்பதோ நான்கு பேர் படம்.

பேக்கிங் மாரியம்மாள் அக்கா படத்தை நீக்கிவிட்டேன். மற்ற மூவரும் வேலைக்குக் கட்டும் நூல் சேலையில் தீமோடு ஒத்துப்போனார்கள். அக்காவின் கிளிப்பச்சைப் பட்டு மட்டும் கண்ணைக் குத்தியது.

சாயங்காலம் வேலை முடிந்து அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, புதுசா மாத்திருக்கீகளாமே, காமிங்க."

காட்டினேன். மேலும் கீழும் தேடினார்.

"என்னையக் காணமே?"

"இது சும்மா பிரிவியூதான்க்கா" என்றேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஆக்டிவேட்டை அமுக்கி ஊரே பார்க்கும்படி ஏற்றியிருந்தேன்.

"அதான பாத்தேன்! கம்பெனிக்குள்ள பட்டு கட்டக் கூடாது, பொறி தட்டிரும்பாக. போட்டோ வாசலுக்கு வெளியதான்னு சொன்னீகளா, கல்யாணப் பட்ட எடுத்துக் கட்டிக்கிட்டு ஓடியாந்தேன். எம்மக அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கா."

சிரித்துக்கொண்டே வேன் ஏறப் போய்விட்டார்.

நான்கு வட்டம் இருக்கிற, கிளிப்பச்சையைப் பார்த்து முகம் சுளிக்காத தீம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். முகம் சுளித்தது தீம் இல்லை என்று தெரியும், அதைக் கமெண்டில் எழுத வேண்டாம்.