ஈரத்தலையை இழுக்கச் சொன்ன எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா செவ்வாய்க்கிழமை எங்களை விட்டுப் போய்விட்டார். ஹம்பேர்க்கில், தன் மகன் வீட்டில். இன்று காலை வேலைக்குப் போகும்போது எஸ்-பான் ரயிலில்தான் மகனின் மெசேஜ் பார்த்தேன்…

இங்கே நட்பில் இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் பிராங்பேர்ட்டில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட். கட்டில் விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். அப்படி ஏழு வருஷம்.

கானா நாட்டவர். என்னை விடப் பத்து வயது கூட. நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கி, கடைசியில் துருக்கிப் பிள்ளைகளும் சூப்பர்வைசரும்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நல்ல வாய்க்காரி. நான் கொண்டுபோகும் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு "உறைப்புக் காணாது" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அடுத்த நாளும் கேட்பார்.

என் கணவரும் கானா. மகள் அனிற்றாவுக்கு அவருடைய தலைமயிர். சின்னச் சின்னச் சுருள், நல்ல அடர்த்தி… எனக்குத் தெரிந்ததோ யாழ்ப்பாணத்தில் தலை இழுக்கிற, அதாவது வாருகிற, முறை மட்டும்.

தேங்காய் எண்ணெய் வைத்து, சனிக்கிழமை முழுக வார்த்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு இழுத்து இறுக்கிப் பின்னுவது. ஈரத்தலையை இழுக்கக் கூடாது, மயிர் கொட்டும், சளி பிடிக்கும். எங்கள் தாய்மார் எல்லாரும் சொல்வது இதைத்தான். நானும் அட்சரம் பிசகாமல் செய்தேன்.

பிள்ளைக்கு ஆறு வயது. தலைமயிர் காதுக்குக் கீழே வரவே இல்லை. பிடரியில் ஓரிடம் கட்டையாக, தும்பு மாதிரி.

சீப்பைக் கண்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். தகப்பனிடம் போவாள், கிண்டர்கார்டன் ரீச்சரிடம் போவாள், என்னிடம் வரமாட்டாள். பெற்ற பிள்ளைக்கு என் கையைக் கண்டால் பயம்… அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தகப்பனிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவருக்குத் தன் தலைக்கு மெஷின் போடத்தான் தெரியும்.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நின்றால் ஆளுக்கு ஆள் ஒரே கதை. "மொட்டை அடிச்சு விடுங்கோ பிள்ளை, அடர்த்தியா வரும்." சரி, அடித்துவிடுவோம் என்று நானும் முடிவெடுத்தேன். வருகிற சனிக்கிழமை.

எஸ்தர் அக்காவிடம் அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. என் பிள்ளைக்குத் தலை இழுக்க எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது… வெட்கம். ஆனால் விரிப்பு மடிக்கும்போது மொட்டைக் கதை வாய் தவறி வந்துவிட்டது.

அவர் தன் முனையைக் கீழே விட்டுவிட்டார். "நாளைக்கு அந்தச் சீப்பைக் கொண்டு வா. கழுவாத."

நாங்கள் பேசியது பாதி ஜெர்மன், பாதி இங்கிலிஷ். எனக்கு அது தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள், சீப்பில் சிக்கியிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தானாக விழும் மயிரின் ஒரு நுனியில் வெள்ளையாய் ஒரு பொட்டு இருக்குமாம். இதில் ஒன்றிலும் இல்லை. எல்லாம் இடையில் அறுந்த துண்டுகள்.

"வளருது. நல்லா வளருது. நீதான் முறிக்கிறாய்."

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பாத்ரூமில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை பெல் அடித்தது. கூப்பிடாமலே வந்து நிற்கிறார். ஒஃபென்பாக்கில் எங்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. கையில் அகலப் பல் சீப்பு, கண்டிஷனர், தண்ணீர் விசிறுகிற போத்தல்.

அனிற்றா வழக்கம் போல மேசைக்குக் கீழே. எஸ்தர் அக்கா அவளைக் கூப்பிடவில்லை. தரையில் அமர்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். வேலையில் ஒருநாளும் அவரை அந்தத் துணி இல்லாமல் நான் கண்டதில்லை.

நெற்றியின் இரண்டு பக்கமும் வழுக்கை.

"என்ட அம்மா இறுக்கி இறுக்கிப் பின்னினவ. பிறகு அது வரேல்லை. தொட்டுப் பார்."

பிள்ளை ஊர்ந்து வெளியே வந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் மடியிலேயே இருந்துவிட்டாள்.

சீப்பை அவர் வைத்துக்கொள்ளவில்லை. என் கையில் தந்தார். "தாய் நீ. நீ இழு."

"ஈரத்தோடயோ அக்கா?"

"ஈரத்தோடதான். காய்ஞ்சால்தான் முறியும்."

தலையை நாலாகப் பிரித்து, தண்ணீர் விசிறி, கண்டிஷனர் பூசி, நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே. சிக்கு வந்தால் முதலில் விரல், பிறகுதான் சீப்பு. கடைசியில், ஈரம் காயமுன்னம் கொஞ்சம் எண்ணெய். பின்னல் தளர்வாக. படுக்கும்போது தலையில் கட்ட வழுவழுப்பான சற்றின் துணி வேண்டும் என்றார், என் பழைய பாவாடை ஒன்றை வெட்டினோம்.

மூன்று மணித்தியாலம். அனிற்றா அழவில்லை… நடுவில் நித்திரையாகிவிட்டாள்.

மொட்டை அடிக்கவில்லை. முறிவது மெல்ல நின்றது. ஒன்றரை வருஷத்தில், நீட்டிப் பிடித்தால் தோளைத் தொட்டது.

பூசைக்கு வந்தவர்கள் "என்ன எண்ணெய் வைக்கிறீங்கள்" என்று கேட்டார்கள். தண்ணி என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

அக்கா பென்ஷன் எடுத்து ஹம்பேர்க் போனார். ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு ஃபோன் வரும். என் சுகம் கேட்க முன்னம் "பிள்ளையின்ட தலை எப்பிடி" என்பார். பிள்ளைக்கு முப்பது தாண்டிய பிறகும் அதே கேள்வி.

அனிற்றா இப்போது மியூனிக்கில் வேலை. தலையெல்லாம் சலூனில் பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் தலையைத் தந்து பதினைந்து வருஷம் இருக்கும்.

மத்தியானம் அவளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அடக்கம் எப்போது என்று கேட்டாள். பிறகு, "அம்மா, நான் அதுக்கு முதல் நாளே உங்களிட்ட வாறன். எனக்குத் தலை இழுத்து விடுறீங்களோ?"

ஓம் என்றேன்.

அடக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. எஸ்தர் அக்கா, நாங்கள் இரண்டு பேரும் வாறம்.