கவுனில் வைத்த பட்டுப் பை

யுத்த காலம். துணிக்குக் கட்டுப்பாடு. தோணி வேலையிலிருந்த அப்பா கண்ட்ரோல் கடையில் கால் கடுக்க நின்று வாங்கி வந்த வெள்ளைத் துணியில்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கவுன். தைத்து வருவதற்குள் தெருவில் ஒருவர் விடாமல் பீற்றிக்கொண்டேன். ஏழு வயதில் வேறென்ன வேலை?

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் தையல்காரர் கவுனோடு வந்தார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கவுனின் வயிற்றுப் பக்கம் இஸ்திரிப் பெட்டி பட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. நான் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். அவர் இன்னொரு பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தார்.

"எம் பெஞ்சாதிக்கு எடுத்த துணிக்கா. இதுல தச்சித் தாரேன். வெளிய மட்டும் சொல்லிராதிய. கருக்கிட்டான்னு தெரிஞ்சா இந்தக் காலத்துல ஒருத்தரும் எங்கிட்ட துணி குடுக்க மாட்டாவ."

வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்றார் அப்பா. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அம்மாவோ பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு உள்ளே போய்த் தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்தாள். அதன் உள்முனையில் ஒரு துண்டை வெட்டினாள்.

"கருகின எடத்துல இதைப் பையா வச்சித் தாங்க அண்ணாச்சி."

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் அக்கா, பெரிய அத்தை, உள்ளே வந்தாள்.

"ஏளா, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? கல்லறைக்கு உடுத்திப் போற சேலையில்லா அது!"

எங்கள் குடும்பத்துப் பெண்கள் கல்யாணப் பட்டை அந்தக் கடைசி நாளுக்கென்றே பத்திரப்படுத்துவார்கள்.

"போற அன்னைக்கு ஆண்டவர் கேட்டா நாஞ் சொல்லிக்கிடுதேன் மதினி" என்றாள் அம்மா. தையல்காரர் அந்தப் பட்டுத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளைக் கவுனில் சிவப்புப் பட்டுப் பை யார் யோசனை என்று ஒரே கேள்வி.

"நாந்தான் வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி தையல் எப்பிடி இருக்கு பாருங்க!" என்றாள் அம்மா, கோயில் வாசலே கேட்கும்படி.

அடுத்த திருநாளுக்குத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் வயிற்றில் பையோடு திரிந்தார்கள். தையல்காரருக்கு ஓயாத வேலை. ஆனாலும் என்னைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருக்கும் முந்திரிக்கொத்துக்குத்தான் ஆசைப்படுகிறார் என்று நான் கையால் இறுக்கப் பொத்திக்கொள்வேன்.

எத்தனையோ வருஷம் கழித்து அம்மாவுக்கு அந்தச் சேலையை உடுத்தினோம். வெட்டுப்பட்ட முனை தெரியாமல் உள்ளே மடிக்கப் போனாள் தங்கை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே தெரியட்டும். ஆண்டவர் கேட்டால்தானே அம்மா சொல்ல முடியும்.