எட்டாவது கேள்வி: தாலி கட்டியது யார்?

நான் வேலைக்குச் சேர்ந்தது யுத்த காலத்தில். தேனிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் கிளார்க். முதல் நாளே என்னிடம் பட்டாளத்து பென்ஷன் பைல்களைக் கொடுத்தார்கள். என் திறமையைப் பார்த்துத்தான் என்று பூரித்துப் போனேன். வேறு யாரும் அதைத் தொடச் சம்மதிக்கவில்லை என்று மத்தியானம் பியூன் சொன்னார்.

சட்டம் ரொம்ப நல்ல சட்டம். சண்டையில் சிப்பாய் செத்தால் அவன் பெண்டாட்டிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. கொடுக்க சர்க்கார் தயார், வாங்க அவள் தயார். நடுவில் நாங்கள் இருந்தோம். அவள் நிஜமாகவே பெண்டாட்டிதானா என்று விசாரித்து ரிப்போர்ட் அனுப்புவது எங்கள் பொறுப்பு. அதற்கென்று எங்கள் ஹெட் கிளார்க் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தம் ஊர்க் கல்யாணத்தைத் தவிர உலகத்தில் வேறு கல்யாணம் உண்டு என்று நம்பாதவர். எட்டாவது கேள்வி, தாலி கட்டியது யார் என்பது.

விசாரணை

மயிலாடும்பாறையிலிருந்து வெள்ளத்தாய் வந்தாள். இருபது வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் மாயாண்டி பர்மா எல்லையில் செத்துப்போயிருந்தான். சாட்சிக்கு மாயாண்டியின் அக்கா பேச்சி கூட வந்திருந்தாள்.

ஏழு கேள்விகள் ஒழுங்காகப் போயின. எட்டாவதைக் கேட்டேன்.

“நான்தேன் கட்டுனேன்” என்றாள் பேச்சி, பெருமையாக.

அவர்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை தன் வீட்டிலேயே இருப்பான். அவன் அக்காவோ தங்கையோ பெண் வீட்டுக்குப் போய்த் தாலியைக் கட்டிப் பெண்ணைக் கூட்டி வருவாள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கேட்டதை மட்டும் எழுதுகிற உத்தம கிளார்க் நான். ‘தாலி கட்டியவர்: பேச்சியம்மாள்’ என்று முத்து முத்தாக எழுதி மேலே அனுப்பினேன்.

ஹெட் கிளார்க் கூப்பிட்டார்.

“என்னய்யா இது? பொம்பளைக்குப் பொம்பளை தாலி கட்டினாளா? அப்ப பேச்சி செத்தா இவளை வரச் சொல்லு, பென்ஷனைப் பத்தி யோசிப்போம்.”

“சார், இந்தப் பக்கத்து வழக்கம் அது.”

“வழக்கத்துக்கு ஜி.ஓ. இருக்கா?”

இல்லை. சர்க்கார் அந்தக் கல்யாணத்துக்கு உத்தரவு போட மறந்துவிட்டது. பைல் மறு விசாரணைக்குத் திரும்பியது.

பத்து மாதத்தில் நாலு விசாரணை. ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஆண்டிபட்டி வரைக்கும் நடந்து, அங்கிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு வருவார்கள். நான் எட்டாவது கேள்வியைக் கேட்பேன். பேச்சி “நான்தேன்” என்பாள். நான் எழுதுவேன். என்ன ஒரு நிர்வாகம்!

“கொஞ்சம் மாத்திச் சொன்னா என்ன?” என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

“ஏன்யா மாத்தணும்? ஊரே பாக்கக் கட்டுனேன். செத்த தம்பி பேருல பொய் சொல்லச் சொல்றீகளா?” என்று சத்தம் போட்டாள். நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

ஐப்பசியில் நாலாவது தடவை வந்தபோது வெள்ளத்தாய் அழுதுவிட்டாள்.

“அய்யா, தை பொறந்தா கங்காணி மலை மேல ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறாக. நானும் பேரு குடுத்துட்டேன். இந்தப் புள்ளைக்கு அங்கன குளிரு தாங்காதுய்யா. போன வருசம் போன ரெண்டு புள்ளைக காய்ச்சல்ல செத்துப்போச்சுக. பென்சன் வந்துட்டா நான் மலை ஏற மாட்டேன்.”

மூன்று பேரையும் ஹெட் கிளார்க் மேஜைக்கே கூட்டிப் போனேன்.

அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தாசில்தார் அய்யாவப் பாத்து நேர்ல சொல்றேன் சாமி” என்றாள் வெள்ளத்தாய்.

“அவர் கேம்ப் போயிருக்கார். அவர் எதுக்கும்மா? ‘தாசில்தாருக்காக’ன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டா, அவர் போட்ட மாதிரிதான்.”

அவள் அந்தக் காகிதத்தையே பார்த்தாள்.

“அப்ப எங்க மதினி அவுகளுக்காகக் கட்டுனா, அவுக கட்டுன மாதிரி இல்லையா?”

பியூன் சிரித்துவிட்டு இருமலாக்கினார். ஹெட் கிளார்க் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அன்றைக்கு ஜி.ஓ. பேச்சே எடுக்கவில்லை.

“எழுதுய்யா. தாலி கட்டியது மாப்பிள்ளைக்காக அவர் தமக்கை.”

பைல் அன்றே போனது.

உத்தரவு

மார்கழிக் கடைசியில் பென்ஷன் உத்தரவு வந்தது. இருவரையும் வரவழைத்து வாசித்துக் காட்டினேன். கீழே இருப்பது பெரிய துரை கையெழுத்தா என்று பேச்சி கேட்டாள். இல்லை, துரைக்காக வேறொருவர் போட்டது என்றேன்.

“பாத்தியா ஆத்தா! இங்கனயும் நாத்தனாதேன் கட்டியிருக்கா.”

வெள்ளத்தாய் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் மலை ஏறவில்லை.

அந்த ஹெட் கிளார்க்கை அவர் ரிடையர் ஆகும்வரை கேலி பேசித் திரிந்தேன். புதிதாக வரும் கிளார்க்குகளுக்கு மட்டும் இதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கம் இதுதான் என்று முதல் ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி எழுத எனக்குத் தெரியும். ஹெட் கிளார்க்குக்குப் பிடிக்காதே என்று எழுதவில்லை. அவள் பத்து மாதம் அலைந்தது அவருடைய கேள்வியால் அல்ல, என்னுடைய முத்தான பதிலால்.