பெட்டி மரத்தூளில் முளைத்த காளான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் இருக்கிறது. உப்பு மண். கத்தரி வைத்தால் முழங்கால் உயரம் வந்ததும் கருகிவிடும். மண்ணில் பூஞ்சை பிடித்தால் செடி பிழைக்கும் என்று மகனுடைய போனில் வந்த ஒரு வீடியோவில் ஒரு அம்மா சொன்னார். அட்டைப்பெட்டியை நனைத்துப் போட்டு, மேலே டீத்தூள் சக்கையும் மரத்தூளும் பரப்பி, சாக்கு போட்டு மூட வேண்டுமாம். கப்பலில் வரும் மரப்பெட்டிகளைப் பிரிக்கிற பட்டறை தெருமுனையில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே கொட்டிக் கிடந்த தூளை அள்ளி வந்தேன்.

கொஞ்ச நாளில் சாக்கைத் தூக்கினால் அட்டை முழுக்க வெள்ளை நூல் ஓடியிருந்தது. ஒரு மழைக்குப் பிறகு காளானும் குடை குடையாக வந்தது. தின்பதற்காக நான் அதைப் போடவில்லை.

அன்றைக்குத்தான் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "இன்னா ஆயா, தூளை அள்ளிகினு போறியாமே? ஆடு மாட்டுக்குப் போட்றாத. அந்தப் பலகைக்கு பூச்சி மருந்து அட்ச்சிருப்பான்."

வேகமாக வீட்டுக்கு வந்தால், பாத்தியில் வெறும் காம்புதான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நான்தான் ஆயா பறிச்சிகினேன். நீ கண்டுக்கவே இல்ல, வீணாப் பூடும்ல?"

நான் தலையை ஆட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தலையைத்தான் ஆட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். மிளகு வறுபடுகிற வாசனை வந்தது.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மதியம் சாப்பிட வருவார். அவர்கள் வாசல் வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். இன்னொருத்தி சமையலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பங்கு கேக்க வந்துகீறியா? வாயத் தொறந்து கேளேன்!" என்று சிரித்தபடி ஒரு கிண்ணத்தில் அள்ளி என் கையில் வைத்தாள். உள்ளே அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன்.

"இன்னா ஆயா! என் வூட்டுக் கொயம்பு அவ்ளோ கலீஜா?"

"தின்னாதீங்க. மருந்தடிச்ச மரத்துல மொளச்சது."

அவர் வாயிலிருந்ததைத் துப்பினார். "ரெண்டு துண்டு உள்ள பூட்ச்சே. ருசி நல்லாத்தான் இருந்துச்சி," என்று சிரிக்கப் பார்த்தார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மிச்சக் குழம்பை நான் மடியில் வைத்திருந்தேன். சில காளான் தாமதமாகத்தான் வேலை காட்டும், மூன்று நாள் கவனியுங்கள் என்றார் டாக்டர். மூன்று நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினாலும் பயந்தேன், இருமாவிட்டாலும் பயந்தேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பாத்தி ஓரத்தில் முன்பே நட்டிருந்த கத்தரி இந்த முறை கருகவில்லை. இடுப்பளவு வந்து காய்த்திருக்கிறது. பறிக்கத்தான் கை வரவில்லை.

அது என்ன காளான், மருந்து மண்ணில் இறங்குமா, காய்க்குப் போகுமா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் எழுதியதைப் பார்த்து யாராவது தூளை அள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர் யாராவது ஒருதரம் சரிபார்த்த பிறகே இதை மற்றவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள்.