பின்வாசல் வழியாக வந்த மழை

எங்கள் வீட்டுக்கு மேற்கே பார்த்த வாசல். கம்பம் ஊரிலிருந்து கேரளத்துக்கு ஏறுகிற மெட்டுச் சாலையில் போய், மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் மண்பாதையில் திரும்பினால் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெந்த வீட்டுக்கும் இவ்வளவு சரிவான ஓட்டுக்கூரை கிடையாது. முன்பக்கம் கூரையை இழுத்து இழுத்து, ஆள் குனிந்து நுழைகிற உயரத்துக்குக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். ஓட்டு விளிம்பு நெடுகத் தண்ணீர் வடிய ஒரு தகர வாய்க்கால். இடுப்புயரத்துக்கு அஸ்திவாரம். பேய்மழைக்குப் பயந்து கட்டிய வீடு அது. மழையே எட்டிப் பார்க்காத பக்கத்தில் கட்டிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

கட்டியவர் என் அப்பா. அப்பாவையும் அம்மாவையும் நாங்கள் அப்பச்சன், அம்மச்சி என்றுதான் கூப்பிடுவோம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்திலிருந்து வந்தவர்கள். கம்பத்தில் பாதி ஊர் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைமேல் போய்க்கொண்டிருந்த காலத்தில், எதிர்த்திசையில் மலையிறங்கிக் குடியேற வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே அண்ணன் தம்பி ஆறு பேர் பாகம் பிரித்ததில் அப்பச்சனுக்கு வந்தது செங்குத்தான ஒரு துண்டு நிலம். குழி வெட்டப் போனால் வெட்டுகிறவன் உருண்டுவிடுவான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதை விற்றுவிட்டு இங்கே நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கி, வீட்டையும் கட்டினார். பார்த்த இடமெல்லாம் சமதளமாக இருந்ததில் மனிதர் மயங்கிவிட்டார். தண்ணீர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வளர்ந்த ஊரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அம்மச்சிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள்.

"ஒரு கொல்லம். கப்ப முளைச்சில்லெங்கில் திரிச்சுப் போகணும்."

ஒரு வருடம் பார்ப்போம், மரவள்ளி முளைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அர்த்தம். அப்பச்சன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குச்சியை ஒடித்து நட்டால் முளைத்துவிடுகிற மரவள்ளி, எந்த மண்ணில்தான் முளைக்காது என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறந்திருக்கவில்லை. ஜீப்பின் பின்னால் மரவள்ளிக் குச்சிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குச்சிகள் முதுகில் குத்தின.

வைகாசி பிறந்ததும் அப்பச்சன் வரிசை வரிசையாகக் குழி எடுத்தார். அவருடைய ஊரில் வைகாசிப் பாதியில் மழை இறங்கிவிடும். அதற்கு முன்னால் குச்சி மண்ணில் இருக்க வேண்டும். நாலு ஏக்கரிலும் நட்டு முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, முன்வாசலில் நாற்காலி போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

மேகம் வந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேல் கறுகறுவென்று திரண்டு வந்து மலையுச்சியில் உட்காரும். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கும், இறங்காது. ஒரு மெல்லிய சாரலை முகத்தில் தெளித்துவிட்டுக் கரைந்துபோகும். காற்று மட்டும் மலையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்து கொடியில் காயும் துணியைப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய்ப் போடும். மலைக்கு அந்தப்புறம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுவதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம். அப்பச்சன் தினமும் அம்மச்சியிடம், "நாளைக்கு உறப்பாப் பெய்யும்" என்பார். உறப்பு என்றால் நிச்சயம். அந்த வார்த்தையை அந்த ஆனி மாதத்தில் கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சலாக வரும்.

எங்கள் நிலத்துக்குக் கிழக்கே அடுத்த காடு ஒரு அக்காவுடையது. அம்மச்சியின் வயதுதான் இருக்கும். வாய் ஓயாத மனுஷி. காற்று கொண்டுபோய்ப் போட்ட துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிற சாக்கில் பழகியவள். ஒருநாள் அம்மச்சியிடம் கேட்டே விட்டாள்.

"ஏத்தா, ஒங்க வீட்டுக்காரக என்ன, தெனமும் மலையவே பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்காக? அங்கன இருந்து காத்துதான் வரும். நமக்கு மழை ஐப்பசியிலல்ல வரும், அதுவும் கெழக்க இருந்து."

அம்மச்சிக்கு அப்போது தமிழ் அரைகுறை. நான்தான் மலையாளத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பச்சனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மழையிலே பிறந்து மழையிலே வளர்ந்த எனக்கு மழையப் பத்திச் சொல்லித் தராங்களா? இவங்க மழையக் கண்டிட்டுண்டா?" என்று நாற்காலியை இன்னும் ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்கு எவ்வளவோ பிரியம். ஆனால் பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த ஆனியில் அம்மச்சியின் தாய்வீட்டிலிருந்து ஜீப்பில் ஒரு பலாப்பழம் வந்தது. சுளையை எல்லோரும் தின்றோம். கொட்டைகளை அம்மச்சி கழுவிக் காயவைத்தாள். அப்பச்சன் மெதுவாக, "அதில் ஒண்ணை அடுக்களைக்குப் பின்னால் ஊணி வைக்கலாமே" என்றார். அம்மச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பலா காய்க்கப் பத்து வருஷமாகும். அது வரைக்கும் இவிடெ ஆர் இருக்கும்?"

ஒரு கொட்டை விடாமல் அத்தனையையும் நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் வைத்துவிட்டாள். அப்பச்சன் அதைச் சாப்பிட்ட விதம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஆடிக்குள் மரவள்ளிக் குச்சி அத்தனையும் காய்ந்து, அடுப்பெரிக்கத்தான் உதவியது. ஆவணியில் அப்பச்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். என் காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று அம்மச்சி கொஞ்சம் தவணை கொடுத்தாள். பரீட்சை முடிந்து, சாமான் கட்டி, ஜீப் பேசுவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. மூட்டைகளை அடுக்களையில் பின்வாசலை ஒட்டி அடுக்கி வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப் வருவதாகப் பேச்சு.

காலையில் அந்த அக்கா வந்தாள். மடியில் மொச்சை விதை.

"போறதுன்னாப் போங்க. நெலத்த மொட்டையாப் போட்டுட்டுப் போகாதீக, பாவம். இதை ஊண்டிட்டுப் போங்க. வெளஞ்சா நான் பறிச்சுத் திங்கிறேன். எனக்கென்ன நட்டம்?"

அம்மச்சி சும்மா உட்காரத் தெரியாதவள். ஜீப் வருகிற வரைக்கும் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மரவள்ளிக்கு அப்பச்சன் எடுத்த குழிகள் அப்படியே கிடந்தன. அந்தக் குழிகளிலேயே அவளும் அக்காவும் நானும் மொச்சையை ஊன்றிக்கொண்டு போனோம். அப்பச்சன் வரவில்லை. வழக்கம்போல் முன்வாசலில், கடைசி நாள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு வெளிச்சம் திடீரென்று மங்கியது. மேற்கே மலை பளிச்சென்றுதான் இருந்தது. இருட்டு எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. கிழக்கே திரும்பிப் பார்ப்பதற்குள் அடித்துவிட்டது மழை. ஓடி வந்து அடுக்களைக்குள் ஏறினால், எங்களுக்கு முன்னால் மழை உள்ளே வந்துவிட்டிருந்தது. முன்பக்கக் கூரையை அவ்வளவு நீளம் இழுத்துவிட்ட அப்பச்சன், பின்பக்கம் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு முழத்தோடு நிறுத்தியிருந்தார். சாரல் நேராக அடுப்பில் அடித்தது. கட்டி வைத்த மூட்டை, பாய், தலையணை, அம்மச்சியின் கல்யாணப் புடவை எல்லாம் தண்ணீரில் மிதந்தன. அப்பச்சன் வாளியை எடுத்துக்கொண்டு, தகர வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பிடிக்க முன்வாசலுக்கு ஓடினார். மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்ததில் அந்தப் பக்கத்து வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வாளியோடு அவர் திரும்பி அடுக்களைக்கு வந்து, முழங்கால் சேற்றோடு நின்ற எங்களைப் பார்த்து, "மழை தெற்றான வழியா வந்திருக்கு" என்றார். மழை தப்பான வழியாக வந்துவிட்டதாம்!

அம்மச்சி சிரித்தாள். சிரித்தாள் என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்ற அப்பச்சனும் கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

மண்பாதை சகதியாகிவிட்டதால் ஜீப் வரவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து வெயிலில் போட்டோம். காய்ந்த பிறகு மறுபடி மூட்டை கட்டும்படி யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மொச்சை முளைத்தது. அடுத்த ஆனியில் தாய்வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தபோது, அம்மச்சி ஒரு கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் விழுகிற இடமாகப் பார்த்து, அடுக்களைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். அப்பச்சன் அதைப் பார்த்தார். முன்வாசலில் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வாசலில் போட்டார்.

அந்த மரம் இப்போது கூரையைவிட உயரம். அப்பச்சனைக் கம்பத்துக் கல்லறையில் வைத்து மூன்று வருடமாகிறது. இந்த வீட்டிலேயே பிறந்த தம்பி எர்ணாகுளத்தில் வேலை, ஒன்பதாவது மாடியில் வீடு. நான் தேனியில் பாங்கில் இருக்கிறேன். போன வருஷம் ஆவணியில் அம்மச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். அடி பலமில்லை. தம்பி பயந்துபோய்க் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தனியாக இருந்தது போதும், சொந்த நாட்டுக்கே வந்துவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றான். நானும் அவன் பக்கம்தான் பேசினேன்.  நிலத்தை என்ன செய்வது என்பது வரைக்கும் பேச்சு போனது. அம்மச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஒரு கொல்லம்."

தம்பிக்கு அது சம்மதமாகக் கேட்டது. எனக்கு முதுகில் மரவள்ளிக் குச்சி குத்தியது.

அங்கே போனதிலிருந்து தினமும் போன். "இங்கன மழை நிக்கவே மாட்டேங்குதுடீ மோளே. துணி காய மாட்டேங்குது." அந்த அடுக்குமாடியில் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு எல்லோரும் தமிழத்தி என்கிறார்களாம். இங்கே நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தும் அவளுக்குப் பெயர் மலையாளத்தம்மாதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வீட்டைத் திறந்து கூட்டிவிட்டு வருவேன். பக்கத்துக் காட்டில் இப்போது அக்காவின் மகன் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறான். அக்கா கம்பு ஊன்றிக்கொண்டு வேலியோரம் வந்து ஒவ்வொரு வாரமும் கேட்பாள், "மலையாளத்தம்மா எப்பத்தா வாராக?" நான் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். 

இந்த ஆனியில் எங்கள் மரத்துப் பழம் ஒன்றை ஆள் மூலமாக எர்ணாகுளத்துக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தம்பி பேசினான்.

"சேச்சி, அம்மச்சிக்கு ரொம்ப சந்தோஷம். கொட்டை எல்லாத்தையும் அவங்களே நறுக்கிப் பொரியல் வெச்சாங்க."

"ஒரு கொட்டையாவது எங்கயாவது ஊணினாங்களாடா?"

"கீழே தோட்டத்துல எடம் இருக்குது, ஒண்ணு வைங்கன்னு நானே சொன்னேன். அதுக்குப் பத்து வருஷமாகும், அது வரைக்கும் இங்க யாரு இருக்கான்னு சொல்லிட்டாங்க." அவன் குரல் கம்மியது. "எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு சேச்சி. வயசானதையே நெனச்சுக்கிட்டு இருக்காங்க போல."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன். அவன் அப்போது பிறக்கவே இல்லை, பாவம், அவனுக்கு என்ன தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே கொத்தனாரைக் கூட்டிப்போய், முற்றத்துக்குச் சொரசொரப்பான தளம் போடச் சொன்னேன்.

ஆவணி முடிந்தது. போன சனிக்கிழமை தம்பியின் கார் வந்து நின்றது. இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முன்வாசலுக்குப் போக, அம்மச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். பலாமரத்தை ஒருதடவை தொட்டாள். அப்பச்சனின் நாற்காலியில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தாள்.

"மொச்சை வெத வாங்கி வெச்சியாடீ?" என்றாள்.